கப்பலும் பள்ளிக்கூடமும்: கேஜன் மக்களின் சரித்திரம்

ஒரு ஜனசமூகத்தை ஒழித்துவிட விரும்பும் அரசாங்கம் பெரும்பாலும் பட்டாளத்தையே நம்புகின்றது. பட்டாளம் வீட்டைக் கொளுத்தும்; நிலத்தைப் பறிக்கும்; தாயையும் பிள்ளையையும் பிரிக்கும். அவ்வளவும் செய்த பின்னரும் அம்மக்கள் அழியாமல் நிற்பதைச் சரித்திரத்திலே பன்முறை காண்கின்றோம். ஆனால் பட்டாளத்தால் முடியாத காரியத்தை ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் செய்து முடிக்கத் தக்க கருவி வேறொன்று உண்டு. அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர். இவ்விரண்டு கருவிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஆளானவர்கள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் லூயிஸியானா மாகாணத்தில் வாழும் கேஜன் மக்கள். அவர்களுடைய கார சாரமான சமையலையும் பிடில் வாத்தியத்தையும் இன்று உலகம் புகழ்கின்றது. அவர்கள் பட்ட பாட்டையோ அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர்களுடைய சரித்திரத்தைச் சுருக்கமாக நேயர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

கடலை வென்ற குடியானவர்

கேஜன் என்ற சொல் அக்காடியன் என்பதன் திரிபு. இன்று கனடா தேசத்தின் கீழ்க்கரையில் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் என்று வழங்கும் பிரதேசத்திற்குப் பிரெஞ்சுக்காரர் இட்டிருந்த பெயர் அக்காடியா. 1604-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் முதன்முதல் அங்கே வந்திறங்கினர். மறு வருஷம் போர்ட் ராயல் என்ற குடியிருப்பை அமைத்தனர். பின்னர் பிரான்ஸிலிருந்து ஏழைக் குடியானவர்களின் குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

அவர்கள் வந்து தங்கிய பண்டி வளைகுடாவிலே கடலின் ஏற்றவற்றம் உலகில் வேறெங்கும் காணாத அளவினது. சில இடங்களில் சுமார் 16 மீட்டர் உயரம் நீர் ஏறி இறங்கும். அக்காடியர் காட்டை வெட்டி நிலம் தேடாமல், அக்கடலோடு போராடியே நிலம் தேடினர். கரையோரச் சதுப்பு நிலங்களைச் சுற்றி மண்ணால் அணை எழுப்பினர். அணையின் அடியில் மரத்தால் ஒரு மதகு வைத்தனர். அம்மதகினுள் தொங்கும் கதவு, கடல் வற்றும்போது வயலின் மழைநீரை வெளியே விடும். கடல் பொங்கும்போது அந்த நீரின் அழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும். சில வருஷ மழையில் உப்பு கரைந்தோடியபின் அந்நிலத்திலே கோதுமை செழித்து வளர்ந்தது. ஓர் அணையைத் தனியொரு குடும்பம் கட்டவும் காக்கவும் இயலாது. ஆகவே ஊர் முழுவதும் கூடி உழைக்கும் வழக்கம் அவர்களிடத்தில் வேரூன்றிற்று. அந்நாட்டுப் பூர்வகுடிகளாகிய மிக்மாக் மக்களோடும் அவர்கள் பெரும்பாலும் நட்புடனேயே வாழ்ந்தனர். கலப்பு மணங்களும் நிகழ்ந்தன. பிரான்ஸ் தேசத்து அரசன் வெகு தூரத்தில் இருந்தான். அவனுடைய உத்தியோகஸ்தர் தொல்லை இவர்களுக்கு அதிகமில்லை. இவ்வாறு மூன்று தலைமுறைகளுக்குள் அவர்கள் பிரெஞ்சுக்காரர் என்பது மாறி, அக்காடியர் என்னும் தனிச் சமூகமாயினர்.

பிரமாணத்தின் பெயரால்

1710-ல் ஆங்கிலேயர் போர்ட் ராயலைப் பிடித்தனர். 1713-ல் யூட்ரெக்ட் உடன்படிக்கையினால் அந்நாட்டின் பெரும்பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. புதிய எஜமானர்கள், "எங்கள் அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுங்கள்" என்றனர். "செய்கின்றோம், ஆனால் பிரெஞ்சுக்காரரையோ எங்கள் அயலாராகிய மிக்மாக் மக்களையோ எதிர்த்து ஆயுதம் எடுக்க மாட்டோம்" என்பது அக்காடியரின் விடை. 1730-ல் கவர்னராயிருந்த பிலிப்ஸ், அவ்விதமே இருக்கலாமென்று வாய்மொழியாக வாக்களித்துப் பிரமாணம் வாங்கிக்கொண்டார். அவ்வாக்குறுதி லண்டனுக்குச் சென்ற காகிதத்தில் ஏறவில்லை. வாய்ச்சொல்லை நம்பிய மக்கள் 25 வருஷம் அமைதியாய் இருந்தனர். எந்தக் கட்சியிலும் சேராத நடுநிலைப் பிரெஞ்சுக்காரர் என்றே அவர்களை ஆங்கிலேயர் அழைத்தனர்.

1749-ல் ஹாலிபாக்ஸ் நகரம் ஆங்கிலேயரின் கோட்டையாக எழுந்தது. 1755-ம் வருஷம் ஜூன் மாதம் அண்டையிலிருந்த போஸெஜூர் என்னும் பிரெஞ்சுக் கோட்டை வீழ்ந்தது. கவர்னர் வேலை பார்த்த சார்ல்ஸ் லாரன்ஸ் இதுவே தருணமென்று கருதினார். அக்காடியரின் பிரதிநிதிகளை ஹாலிபாக்ஸுக்கு வரவழைத்து, நிபந்தனை ஏதுமின்றிப் பிரமாணம் செய்யும்படி கட்டளையிட்டார். அவர்கள் மறுத்தனர், சிறையிடப்பட்டனர். ஜூலை 28-ந் தேதி கவர்னரின் ஆலோசனைச் சபை கூடி, அக்காடியர் அனைவரையும் நாடு கடத்துவதென்று தீர்மானித்தது. அவர்களை ஒரே இடத்திற்கு அனுப்பினால் ஒன்றுகூடி விடுவார்கள். ஆகையால் ஆங்கிலேயக் குடியேற்றங்கள் பலவற்றிலும் சிறிது சிறிதாகச் சிதறிவிட வேண்டும் என்பதும் அத்தீர்மானத்தின் கருத்து. விசாரணை இல்லை, குற்றச்சாட்டுப் பத்திரம் இல்லை, ஒரு முழுச் சமூகத்திற்கும் ஒரே தண்டனை.

கிராண்ட் பிரே மாதா கோயிலில்

1755 செப்டம்பர் 5-ந் தேதி கிராண்ட் பிரே என்ற ஊரில், பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்மக்கள் யாவரும் மாதா கோயிலுக்கு வரும்படி தண்டோரா போடப்பட்டது. அறுவடைக் காலம், வயலிலிருந்து வந்தவர்கள் 418 பேர். கர்னல் வின்ஸ்லோ என்பவர் கோயிலின் நடுவே மேஜை போட்டு நின்று, அரசனின் உத்தரவைப் படித்தார். நிலமும் வீடும் கால்நடையும் அரசனுக்குச் சொந்தம். எடுத்துச் செல்லக் கூடிய பணமும் தட்டுமுட்டுச் சாமான்களுமே உங்களுக்கு. நீங்கள் அனைவரும் இந்நாட்டை விட்டு அகற்றப்படுவீர்கள் என்பதே அதன் சாரம். வெளியே சிப்பாய்கள் காவல் நின்றனர். இக்காரியம் தமக்கு மனத்துக்கு ஒவ்வாததென்று வின்ஸ்லோ சொல்லிக்கொண்டார். ஒவ்வாத மனத்தோடு செய்ததனால் கப்பலில் ஏறியவருக்கு நேர்ந்த துன்பம் எள்ளளவும் குறையவில்லை.

அக்டோபர் மாதத்தில் கப்பலேற்றம் தொடங்கிற்று. மக்கள் திரும்பி வராதபடியும், காட்டில் ஒளிந்தவர்கள் தங்க இடமில்லாதபடியும் வீடுகளும் களஞ்சியங்களும் கொளுத்தப்பட்டன. இவ்வேட்டை 1755-ல் முடிந்துவிடவில்லை. 1763 வரை நீடித்தது. அதற்குள் பதினாயிரம் பேருக்கு மேல் நாடு கடத்தப்பட்டனர். அம்மை நோயாலும் பசியாலும் கப்பற்சேதத்தாலும் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். 1758-ல் டியூக் வில்லியம் என்னும் கப்பல் ஒன்று மூழ்கியதில் மட்டும் முந்நூறு பேருக்கு மேல் இறந்தனர். எல்லாரும் தலைகுனிந்து ஏறினர் என்று நினைக்க வேண்டாம். பெம்ப்ரோக் என்ற கப்பலில் ஏற்றப்பட்ட 232 பேர், நடுக்கடலில் மாலுமிகளை அடக்கிக் கப்பலைக் கைப்பற்றித் தங்கள் நாட்டுக் கரைக்கே திருப்பினர். போஸோலே என்று பெயர்பெற்ற ஜோஸப் புரூஸார் காட்டிலிருந்து வருஷக்கணக்காய் ஆயுதப் போராட்டம் நடத்தினார்.

பறித்த நிலத்தை நியூ இங்கிலாந்திலிருந்து வந்த புதுக் குடியேற்றக்காரருக்குக் கொடுத்தனர். ஆனால் 1759 நவம்பரில் அடித்த பெரும்புயல் அணைகளை உடைத்து வயலுக்குள் கடலைக் கொண்டுவந்துவிட்டது. அணை கட்டும் வித்தை புதியவர்களுக்குத் தெரியாது. கைதிகளாய் எஞ்சியிருந்த அக்காடியரையே கொண்டுவந்து, அவர்களுடைய சொந்த நிலத்தின் அணைகளை அந்நியருக்காகக் கட்டுவித்தனர். இக்கொடுமைக்கு நாம் உரை எழுத வேண்டுவதில்லை.

சிதறியவர் சேர்ந்த விதம்

மாஸசூஸெட்ஸ் முதல் ஜார்ஜியா வரையில் கொண்டுபோய் இறக்கப்பட்ட அக்காடியரை எந்தக் குடியேற்றமும் விரும்பி ஏற்கவில்லை. வர்ஜீனியா அடியோடு மறுத்துவிட்டது. அங்கே சென்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு அனுப்பப்பட்டு, 1763 வரை அங்கே அடைபட்டுக் கிடந்தனர். ஏழாண்டுப் போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை அவ்வருஷம் கையெழுத்தாயிற்று. 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நமது புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்கு மீட்டுக் கொடுத்ததும் இதே உடன்படிக்கைதான். புதுச்சேரி திரும்பிற்று, கனடா போயிற்று. இரண்டிடத்திலும் குடிகளை யாரும் கலந்துகொள்ளவில்லை.

போர் முடிந்தபின் அக்காடியர் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் தேடலாயினர். 1764-ல் ஒரு சிறு கூட்டம் லூயிஸியானாவை அடைந்தது. 1765 தொடக்கத்தில் போஸோலேயின் தலைமையில் சுமார் 200 பேர் ஹாலிபாக்ஸிலிருந்து ஸான் டொமிங்கோ தீவின் வழியாக நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தனர். அட்டக்கப்பா என்ற மேய்ச்சல் பிரதேசத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அவ்வருஷமே நோய் பரவிற்று, தலைவரும் இறந்தார். ஆயினும் வந்தவர்கள் மற்றவரை அழைத்தனர். பிரான்ஸில் இருபது வருஷங்களுக்கு மேல் அகதிகளாகத் தவித்தவர்களில் சுமார் 1,600 பேர், 1785-ல் ஏழு கப்பல்களில் வந்திறங்கினர். லூயிஸியானா அப்போது ஸ்பெயின் தேசத்தின் ஆதீனத்தில் இருந்தது. பிரித்தே வைக்க வேண்டுமென்று ஆங்கில அரசாங்கம் செய்த ஏற்பாட்டை முப்பது வருஷத்தில் ஏழைக் குடியானவர்கள் முறியடித்தனர்.

சதுப்பு நிலத்தில் புது வாழ்வு

வடக்கே பனியில் வளர்ந்தவர்களுக்குத் தெற்கத்திய வெயிலும் கொசுவும் முதலையும் புதியவை. ஆயினும் பாயூ என்று சொல்லப்படும் மந்தமான நீரோடைகளின் கரையிலே வீடு கட்டினர்; மீனும் இறாலும் பிடித்தனர்; நெல் விதைத்தனர்; மாடு மேய்த்தனர். அணை கட்டிய காலத்துக் கூட்டுழைப்பு இங்கும் தொடர்ந்தது. ஒருவன் வீடு கட்டினால் ஊரார் கை கொடுப்பர். ஒரு வீட்டில் பன்றி அடித்தால் இறைச்சியைப் பல வீட்டாரும் பங்கிட்டுக் கொள்வர். சனிக்கிழமை இரவில் நடனம் நடக்கும். குழந்தைகளை ஓர் அறையில் தூங்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் ஆடுவதால், அந்நடனத்திற்குத் 'தூங்கு கண்ணே' என்று பொருள்படும் 'பேதோதோ' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அவர்களுடைய கலாசாரம் கலப்பற்றது என்று யாரும் சொல்ல முடியாது. அதுவே அதன் பெருமை. கம்போ என்னும் குழம்பின் பெயர் ஆப்பிரிக்க பாஷைகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதனைக் கெட்டியாக்கத் தூவும் இலைப்பொடி சாக்டா என்னும் பூர்வகுடிகள் கற்பித்தது. அக்கார்டியன் வாத்தியம் ஜெர்மானியரிடமிருந்து வந்தது. அவ்வாத்தியத்தில் ஒப்பற்றவராக விளங்கிய அமெடே ஆர்டுவான் ஒரு கறுப்பர். நிறத்தால் மக்களைப் பிரித்து வைத்த சட்டங்கள் கோலோச்சிய 1929-ம் வருஷத்திலேயே, அவரும் டென்னிஸ் மக்கீ என்ற வெள்ளைப் பிடில்காரரும் ஒன்றாய் அமர்ந்து இசைத்தட்டுப் பதிவு செய்தனர்.

குறையையும் மறைக்கலாகாது. நாடு கடத்தப்பட்டவர்களின் பேரன்மாரிற் சிலர் செல்வம் சேர்ந்ததும் அடிமைகளை விலைக்கு வாங்கினர். அக்காடிய வம்சத்தவரும் மாகாண கவர்னராயிருந்தவருமான அலெக்ஸாந்தர் மூத்தோன், அடிமை முறையைக் காப்பதற்காக 1861-ல் லூயிஸியானா பிரிந்து செல்லத் தீர்மானித்த மகாநாட்டிற்கே தலைமை வகித்தார். கொடுமைப்பட்டவன் என்பதனாலேயே ஒருவன் நீதிமான் ஆகிவிடுவதில்லை. சுதந்திரம் வேண்டுவோர் அனைவரும் இதனை நினைவில் வைத்தல் நலம்.

பள்ளிக்கூடம் செய்த வேலை

1803-ல் அமெரிக்க ஐக்கிய நாடு லூயிஸியானாவை விலைக்கு வாங்கிற்று. அதன் பின்னரும் நூறு வருஷ காலம் கேஜன் வீடுகளில் பிரெஞ்சே ஒலித்தது. ஆங்கிலேயர் கப்பலேற்றியும் அழிக்க முடியாத பாஷை அது. பிரான்ஸின் பண்டிதர் பேசும் பிரெஞ்சு அன்று. பழைய குடியானவர் சொற்களும் புதிய நாட்டுச் சொற்களும் கலந்த, தாய்மார் பேசிய பிரெஞ்சு. பாட்டும் பழமொழியும் பிரார்த்தனையும் அதில்தான்.

1916-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 1921-ல் மாகாண அரசியல் சட்டம் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென்று விதித்தது. ஆறு வயதுக் குழந்தை, ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாமல் வகுப்பில் போய் உட்காரும். வெளியே போக அனுமதி கேட்கவும் தெரியாமல் ஆடையை நனைத்துக்கொண்டு அவமானப்பட்ட குழந்தைகள் பலர். வாய் தவறிப் பிரெஞ்சு பேசினால் பிரம்படி கிடைக்கும், முழந்தாளிட வேண்டும், அல்லது பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேச மாட்டேன் என்று நூற்றுக்கணக்கான முறை எழுத வேண்டும். தண்டித்த ஆசிரியர்களிற் பலர் தாமும் கேஜன் குடும்பத்திற் பிறந்தவர்களே. பிள்ளைகளுக்கு நன்மை செய்வதாகவே அவர்கள் மனமார நம்பினர். கேஜன் என்ற பெயரும் ஏழை, மூடன் என்ற பொருளில் ஏச்சாக வழங்கலாயிற்று.

அடிபட்ட குழந்தைகள் வளர்ந்து பெற்றோராயினர். தாங்கள் பட்ட அவமானத்தைத் தங்கள் மக்கள் படலாகாதென்று கருதிக் குழந்தைகளோடு ஆங்கிலமே பேசினர். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத ரகசியங்களை மட்டும் பிரெஞ்சில் பேசிக்கொண்டனர். தாய்மொழி ரகசிய மொழியாயிற்று. சட்டம் பள்ளியின் வாயிலோடு நின்றது. வெட்கமோ அடுக்களை வரை வந்துவிட்டது. 1755-ம் வருஷத்துச் சிப்பாய்கள் செய்ய முடியாததை இரண்டு தலைமுறைப் பள்ளிக்கூடம் ஏறக்குறையச் செய்துவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் கேஜன் வாலிபர்கள் பிரான்ஸுக்குச் சென்றபோது, அடி வாங்கித் தந்த அதே பாஷை அமெரிக்கச் சேனைக்கு மொழிபெயர்ப்பாளர்களை அளித்தது.

விழிப்பு

மறுமலர்ச்சி முதலில் மேடையிலிருந்து வரவில்லை. பிடிலின் தந்தியிலிருந்து வந்தது. டூயி பால்பா என்ற எளிய பிடில்காரரும் அவருடைய தோழர்களும் 1964-ல் நியூபோர்ட் நகரத்து நாடோடி இசை விழாவிற்கு அழைக்கப்பட்டனர். இந்தப் பட்டிக்காட்டுச் சங்கீதத்தையா வெளியூராருக்குக் காட்டுவது என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று ஏளனம் செய்தது. பத்திரிகைத் தொழிலில் உள்ள நாமும் இதைக் கேட்டு நாணுகின்றோம். விழாவிலோ ஆயிரக்கணக்கான ஜனங்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். அந்தக் கரகோஷத்தின் எதிரொலியை ஊரிலே கேட்கச் செய்வேன் என்று பால்பா உறுதிகொண்டு, மிஞ்சிய வாழ்நாளை அதற்கே செலவிட்டார்.

1968-ல், முன்னாள் காங்கிரஸ் அங்கத்தினர் ஜேம்ஸ் டொமெஞ்சோவின் முயற்சியால், பிரெஞ்சு பாஷையை வளர்க்க மாகாண அரசாங்கமே ஒரு ஸ்தாபனத்தை நிறுவிற்று. 1971-ல் 22 ஜில்லாக்கள் சேர்ந்த பிரதேசத்திற்கு அக்காடியானா என்ற பெயர் சட்டப்படி வழங்கப்பட்டது. 1974-ம் வருஷத்து அரசியல் சட்டம், தம் பாஷையையும் கலாசாரத்தையும் காத்துக்கொள்ளும் உரிமையை மக்களுக்கு ஒப்புக்கொண்டது. ஆயினும் ஒரு தவறு நிகழ்ந்தது. பிரான்ஸ், பெல்ஜியம், கியூபெக் முதலிய இடங்களிலிருந்து வரவழைத்த ஆசிரியர்கள் கற்பித்த பிரெஞ்சுக்கும் பாட்டியின் பிரெஞ்சுக்கும் வெகு தூரம். பாட்டி பேசுவது பிழை என்று குழந்தை மறுபடியும் கற்றது. பின்னர் அறிவாளிகள் விழித்துக்கொண்டு, கேஜன் பிரெஞ்சுக்கே எழுத்தும் இலக்கியமும் தேட முற்பட்டனர். எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வகுப்புகள் இப்போது நடைபெறுகின்றன. 2023-ல், பூர்வகுடிகளும் கேஜன் மக்களும் வாழும் பொயின்ட் ஓ ஷியன் என்னும் கடலோரக் கிராமத்தில் ஒரு பிரெஞ்சுப் பள்ளி திறக்கப்பட்டது.

1990-ல் லஃபயெத் நகரத்து வழக்கறிஞர் வாரன் பெரின், நாடு கடத்தியதற்குப் பரிகாரம் கேட்டு பிரிட்டிஷ் மகுடத்திற்கு விண்ணப்பம் செய்தார். பதின்மூன்று வருஷம் கழித்து, 2003 டிசம்பரில், எலிஸபெத் ராணியின் பெயரால் கனடாவின் கவர்னர் ஜெனரல் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அக்காடியர் அனுபவித்த துன்பம் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஜூலை 28-ந் தேதி ஞாபகார்த்த தினமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சட்டப் பொறுப்போ பணப் பொறுப்போ இதனால் ஏற்படாது என்றும் அதிலேயே எழுதி வைத்தனர். மன்னிப்பு என்ற சொல் அதிலில்லை. 1730-ல் கொடுத்த வாக்கை எழுத மறந்தவர்கள், இம்முறை எழுத வேண்டியதை மறவாமல் எழுதிக்கொண்டனர்.

நாம் கொள்ளத் தக்கது

கேஜன் மக்களுக்கு இன்று மற்றொரு சோதனை வந்துளது. 1932 முதல் 2016 வரையில் லூயிஸியானாவின் கரையோரத்தில் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கடல் கொண்டுவிட்டது. மிஸிஸிபி நதியின் வண்டலைக் கரையில் சேரவிடாத கரையணைகளும், எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்களும் இதற்குப் பெருங் காரணங்கள். கடலிடமிருந்து நிலம் பெற்றவர்களின் சந்ததியாரிடமிருந்து கடல் நிலத்தைத் திரும்பப் பெறுகின்றது. கரையோரத்துப் பிரெஞ்சு பேசும் கிராமங்கள் கலைந்தால் பாஷையும் கலையும். தாய்மடியில் அப்பாஷையைக் கற்றவர்களிற் பெரும்பாலோர் முதியவராகிவிட்டனர்.

நிலம் போனபோது பாஷையும் கூட்டுழைப்பும் அவர்களைக் காத்தன. பாஷை போகத் தொடங்கியபோது காக்க நின்றது பாட்டும் அடுப்பும் மட்டுமே. பாட்டையும் உணவையும் வெளியூரார் விரும்பி வாங்குவர். பாஷையை வீட்டார் பேசினாலன்றி வேறொருவர் காப்பாற்ற இயலாது. சட்டம் இயற்றுவது வேண்டும். பள்ளி திறப்பது அதனினும் வேண்டும். ஆனால் குழந்தையைப் பார்த்துத் தாய் எந்த பாஷையில் பேசுகிறாள் என்பதே முடிவாக நிற்கும் கேள்வி. அக்காடியரின் அணையை ஒரே இரவிற் புயல் உடைத்தது. அதை மறுபடியும் எழுப்ப அந்த வித்தை அறிந்த கைகளையே தேட வேண்டியதாயிற்று. பாஷையின் அணையும் அத்தகையதே. அறிந்த கைகள் இருக்கும்போதே அதனைக் காத்துக்கொள்வோர் பாக்கியசாலிகள்.